தலைமாட்டில் எலுமிச்சம்பழம்

யானை வேற பக்கம் போயிடும். ஆத்துல தண்ணி குடிச்சாச்சு, மண்ணை வாரி முதுகுல போட்டாச்சு, இனி அந்தப் பெரிய மரத்தடிக்குப் போயி உதுந்து கெடக்கற காயைப் பொறுக்கித் தின்னுட்டு அதும்பாட்டுக்குக் கெளம்பிடும். நேத்து மத்தியானமும் ரெண்டு வந்துச்சு. நாங்க மூணு பேரும் சோத்துத் தட்டைக் கையில வெச்சுட்டு மூச்சுவிடாம உக்காந்திருந்தோம், எங்களை ஒரு ஆளாவே மதிக்காம கடந்து போச்சு. இந்த யானையும் போயிடும். நான் பாட்டுக்கு வண்டியில முன்சீட்டுல உக்காந்திருக்கேன், கதவு பாதி தொறந்து கெடக்குது, போன் சார்ஜ் ஏறிட்டு இருக்குது, எனக்கு என்ன பயம். எனக்கில்லை. கூடாரத்துக்குள்ள ரூவிம்போ படுத்திருக்கா. காய்ச்சல் மாத்திரை போட்டுட்டுத் தூங்கறா. வண்டிக்கும் கூடாரத்துக்கும் நடுவுல ஒரு வீட்டு வாசல் அளவுதான் எடம், முணுமுணுத்தாலே அவளுக்குக் கேக்கும். அவ தலைக்கு அடியில என்னோட பை. பைக்குள்ள எலுமிச்சம்பழம். சரி, அதை இப்ப எதுக்கு நெனைக்கற செல்வநாயகி. யானை ஆத்தங்கரையில நிக்குது, நீ அதுக்குள்ள கருமாதி வரைக்கும் போயிடாதே.

வெக்கைன்னா வெக்கை, அப்படி ஒரு வெக்கை. நம்மூர் அக்னி நட்சத்திரமெல்லாம் இதுகிட்ட பிச்சை வாங்கணும். ஜாம்பேசி ஆறு அக்கட்டால பளபளன்னு கெடக்குது, அக்கரையில தெரியற மலை ஜாம்பியா, நாங்க இருக்கற இக்கரை ஜிம்பாப்வே. வேலி கெடையாது, சுவர் கெடையாது. காட்டுக்குள்ள கூடாரம் போட்டுக்கலாம், ஆனா இங்க நீதான் ஒறம்பரை, வீட்டுக்காரங்க நாலு காலுல வந்தா அடக்கமா இருந்துக்கணும். பெருந்துறையில எங்கம்மாவுக்கு இது தெரிஞ்சா அவ்வளவுதான். அவங்களைப் பொறுத்த வரைக்கும் நான் லேடீஸ் டூர் குரூப்புல வந்திருக்கேன், கூடவே சமையல்காரர், ஏசி பஸ், ரெண்டு வேளையும் ரசம். அந்தப் பொய்யை நான் யோசிச்சுச் சொல்லலை, அவங்க கேட்டாங்க, வாய் சொல்லிடுச்சு. எனக்கு எப்பவுமே அப்படித்தான். திருப்பூர்ல பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருந்தவ நான். ஜெர்மனிக்காரன் போன் பண்ணி சரக்கு என்னாச்சும்பான், துணி அப்பத்தான் சாயப்பட்டறையில ஈரமா கெடக்கும், நான் கூச்சமே இல்லாம கெளம்பிடுச்சு சார்ம்பேன். அப்பறம் நாயா ஓடி, டைலருங்க கையில கால்ல விழுந்து, நெசமாவே அனுப்பி வெச்சுடுவேன். முதல்ல பொய்யைச் சொல்லிடறது, பின்னாடியே ஓடி அதை உண்மையாக்கிடறது. ஒருத்தன்கூட என்னைப் பிடிச்சதில்லை. அந்தத் திமிருதான். வேற என்ன.

மரத்தடிக்கு வந்துடுச்சு. பார்த்தியா, நான் சொன்னேன்ல. தும்பிக்கையால காயை ஒண்ணொண்ணா எடுத்து வாயில போடுது, அவசரமே இல்லை. ஆண் யானை, தனியா வந்திருக்குது, வலது காது கிழிஞ்சு தொங்குது. தின்னு சாமி, நல்லாத் தின்னு, வயிறு நெறையத் தின்னு. இந்தக் கிருபேஷ் எங்க போய்த் தொலைஞ்சான்? பக்கத்து முகாம்ல கேஸ் அடுப்பு வாங்கிட்டு வர்றேன்னு போனவன், அங்க எவனாவது பீரை நீட்டியிருப்பான், அப்படியே உக்காந்திருப்பான். தென்னாப்பிரிக்காவுல டர்பன்காரன். இவனோட முன்னோருக கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவங்க. இவனுக்குத் தமிழ்ல தெரிஞ்சது தண்ணி, ஐயோ, அக்கா, அப்பறம் ரெண்டு கெட்ட வார்த்தை. டர்பன்ல நான் வாடகைக்குத் தங்கினது இவங்க வீட்டுலதான். வடக்க போறேன்னு சொன்னதும் மாமாவோட பழைய பிக்கப் வண்டியை எடுத்துட்டு நானும் வர்றேன் அக்கான்னு கெளம்பிட்டான். கெளம்பற அன்னைக்கு அவங்கம்மா எங்களை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நாலு சக்கரத்துக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தினோம். அவங்களுக்கும் தமிழ் வராது, ஆனா பூசாரிகிட்ட இன்னொரு பழம் வாங்கி மஞ்சத்துணியில முடிஞ்சு என் கையில வெச்சாங்க பாரு, நான் அதைக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். திரும்பி வர்ற வரைக்கும் பையிலயே இருக்கட்டும், காலு படற எடத்துல போட்டுடாதேன்னு சொன்னாங்க. கிருபேஷுக்கும் ஒண்ணு குடுத்தாங்க. அவன் அதை வழியிலயே வறுத்த மீன்மேல பிழிஞ்சு தின்னுட்டான். பாவி, அவன் பொழைச்சான்.

காது ஆடுது. அது சும்மா விசிறிக்கறது, வெக்கைக்கு. காட்டு கேட்டுல காவலுக்கு நின்ன அந்தப் பெரியவரு பேச்சுதான் காதுக்குள்ளயே சுத்துது. காட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே நிறுத்தி, ஆரஞ்சு, எலுமிச்சை, சாத்துக்குடி எது இருந்தாலும் இங்கயே எறக்குங்கன்னாரு. இங்கத்த யானைக்கு அந்த வாசனைன்னா உசுரு, ஒரு காலத்துல வந்தவங்க தூக்கிப் போட்டுப் பழக்கி விட்டுட்டாங்க, இப்ப மூடின வண்டிக்குள்ள இருந்தாலும் மோந்து கண்டுபிடிச்சுடும்னாரு. போன வருசம் ஒருத்தன் கூடாரத்துல ஒத்தை ஆரஞ்சு வெச்சிருந்தான், விலா எலும்பு நொறுங்கிடுச்சு, ஆள் பொழைச்சுட்டான். யானை? யானையைச் சுட்டுட்டோம், கூடாரத்தைக் கிழிச்சுப் பழகினதை விட்டு வைக்க முடியுமான்னு கேட்டாரு. ரூவிம்போ ஒரு வலைப்பை நெறைய ஆரஞ்சு வாங்கி வெச்சிருந்தா, அத்தனையையும் அங்கயே தரையில கொட்டி, காவல்காரங்களோட உக்காந்து நாங்களும் உரிச்சுத் தின்னோம். அப்ப கிருபேஷ் சீட்டுக்கு அடியில ஒரு பழத்தை ஒளிச்சு வெச்சிருந்தது கெடைச்சுது. நார்ச்சிம்பான் அதை. நம்ம நாரத்தைதான், ஊரு மாறி அந்தப் பேரு வாங்கியிருக்குது. நான் அவனை விட்டேனா? ஒரு நாட்டுக்கு வந்தா அந்த நாட்டுச் சட்டத்தை மதிக்கணும் தம்பி, நம்மாளுகளுக்கே இந்தப் புத்தி போகாதுன்னு அத்தனை பேர் முன்னாடியும் நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கினேன். பெரியவரு என்னைப் பார்த்து மெச்சிச் சிரிச்சாரு. உங்க பையில ஏதாவது இருக்காம்மான்னாரு. ஒண்ணுமில்லைன்னேன். சத்தியமா அந்த நிமிசம் எனக்கு அது பழமாவே தோணலை. பழம்னா திங்கறது. இது சாமி. அப்படித்தான் தோணுச்சு. இல்லை, பாதி அப்படித் தோணுச்சு. மீதிப் பாதி, இப்பத்தானே அவனை அந்தப் பேச்சு பேசினேன், இனி எந்த மூஞ்சியோட மஞ்சத்துணியை வெளிய எடுக்கறதுன்னு. அவரு பையைத் தொறக்கக் கையை நீட்டினாரு. ரூவிம்போதான் நடுவுல வந்து, சேகுரு, இவங்க என் ஆளுக, இவங்களுக்கு நான் பொறுப்புன்னா. சேகுருன்னா அவங்க பாசையில தாய்மாமன். அவங்கம்மா ஊர்க்காரராம், முறை வெச்சுக் கூப்பிட்டா. அவரு கையை எடுத்துட்டாரு.

எத்தனை நாளாப் பழக்கம் எனக்கும் ரூவிம்போவுக்கும்? மஸ்விங்கோ பஸ் ஸ்டாண்டுல பஸ் ரிப்பேராகி நின்னுட்டு இருந்தா. ஹராரேல நர்ஸு, லீவுல வந்தவ. உங்க வண்டி எந்தப் பக்கம் போகுதுன்னு கேட்டு ஏறினவ எறங்கவே இல்லை. எனக்குக் கொப்புளம் வந்த காலுக்கு மருந்து போட்டவ, சோளக்களியைக் கையால உருட்டித் திங்கறதைப் பார்த்துட்டு நீ எங்க ஊரு மருமகதான்னு சிரிச்சவ. அவ வார்த்தையை வெச்சுத்தான் என் பை கேட்டைத் தாண்டுச்சு. உள்ள வந்ததும் ஆத்துல விட்டுடலாம்னுதான் இருந்தேன், ஓடற தண்ணியில விட்டா சாமி குத்தமில்லை, சொன்ன பொய்யும் உண்மையாயிடும், வழக்கம்போல. ஆத்தங்கரைக்குப் போனா முதலை இருக்குது, கிட்டப் போகாதே செல்வான்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டா. மறுநாள் பார்த்துக்கலாம்னு விட்டேன். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். இன்னைக்கு மத்தியானம், என் தலைகாணியெல்லாம் வேர்வை, உன் பையைக் குடு தலைக்கு வெச்சுக்கறேன்னா. நான் இரு ஒரு நிமிசம்னு பையைத் தொறந்தேன், அவ பக்கத்துலயே கண்ணை மூடாம பார்த்துட்டு இருக்கா. சட்டையை மடிக்கற மாதிரி மடிச்சுட்டு மறுபடி மூடிக் குடுத்துட்டேன். தூங்கட்டும், தூங்கினதும் எடுத்துக்கலாம். தூங்கினதும் எழுப்பிடக் கூடாதேன்னு விட்டுட்டேன். அட, விட்டுட்டேன், விட்டுட்டேன்னு இதைத் தவிர எனக்கு வேற வார்த்தையே இல்லையா?

மரத்தை விட்டு வந்துடுச்சு. எப்ப வந்துச்சு? இவ்வளவு பெரிய உடம்பு, ஒரு தண்ணி லாரி நடந்து வர்ற மாதிரி இருக்குது, ஒரு சருகு நொறுங்கற சத்தம் இல்லை. நாங்க சமைச்ச எடத்துல நிக்குது. தும்பிக்கை தரையில தடவுது, சாம்பலைத் தடவுது, வெங்காயத் தோலைத் தடவுது. அதுதான் வேணும் அதுக்கு, வெங்காயம். தின்னுட்டுப் போகட்டும். ரூவிம்போ மொத நாளே பாடம் எடுத்தா. யானை கிட்ட வந்தா ஓடாதே. கத்தாதே. கையை வீசாதே. அதனாலதான் நான் கத்தலை. அவளைக் கூப்பிட்டா என்ன ஆகும், திடுக்குனு எந்திரிப்பா, கூடாரம் ஆடும், அது மெரண்டுக்கும், அப்பறம் யாரால நிறுத்த முடியும். நான் பேசாம இருக்கறதுதான் அவளுக்கு நல்லது. ஆமா. இதுல தப்பு ஒண்ணுமில்லை. இன்னொண்ணும் சொன்னாளே, கத்தாதேன்னு சொல்லிட்டு அடுத்தாப்புல ஏதோ சொன்னா, என்ன அது, டீ ஆத்திக்கிட்டே சொன்னா. தும்பிக்கை மேல எந்திரிக்குது. நுனி மட்டும் வளைஞ்சு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம். நின்னுடுச்சு. கூடாரத்தைப் பார்த்து நின்னுடுச்சு. ஐயோ மாரியாத்தா. மாரியாத்தாளை எப்படிக் கூப்பிடுவேன், அவ பழந்தான் அங்க நாறுது. மெதுவாப் பேசு. அதுதான் சொன்னா. கத்தாதே, ஆனா மெதுவாப் பேசு, நீ எங்க இருக்கேன்னு அதுக்குத் தெரியட்டும், தெரிஞ்சா அது மெரளாதுன்னு சொன்னா. தெரியும். எனக்கு அப்பவே ஞாபகம் இருந்துச்சு. ஞாபகம் வராத மாதிரி நானே நடிச்சுட்டு இருக்கேன், எனக்கு முன்னாடியே நடிக்கறேன்.

கிருபேஷ் வந்துடணும், இப்ப வந்துடணும். வந்தான்னா அவனே ஏதாவது பண்ணுவான், நான் வாயைத் தொறக்க வேண்டியதில்லை. வந்தா அவனுக்கு என்ன தெரியும்? அவனுக்குப் பழம் இருக்கறதே தெரியாது. உலகத்துல எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும், எனக்கும் அந்த யானைக்கும். நடக்குது. வெங்காயத்தை மிதிச்சுட்டு நடக்குது. ரூவி பையை வெளிய தள்ளிடு, அவ்வளவுதான், நாலு வார்த்தை. ஏன்னு கேப்பா. கேக்கட்டுமே. கேட்டா எலுமிச்சம்பழம்னு சொல்லணும், சொன்னா கேட்டுல பொய் சொன்னேன்னு ஆகும், அவ தாய்மாமன் முன்னாடி அவ வார்த்தையை வெச்சுப் பொய் சொன்னேன்னு ஆகும், கிருபேஷுக்குத் தெரியும், அவங்கம்மாவுக்குத் தெரியும், அந்தப் பேச்சுப் பேசினவளா நீன்னு கேப்பான். கேட்டா கேக்கட்டும்டி, உசுருக்கு முன்னாடி அதெல்லாம் ஒரு பேச்சா, நாலு பேர் சிரிச்சா செத்தா போயிடுவே? தெரியுது, எல்லாம் தெரியுது, வாய்தான் வர மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். ஒருவேளை கூடாரத்தைச் சுத்திக்கிட்டுப் போனாலும் போயிடும். கயிறு. கூடாரத்தோட கயித்துல கால் பட்டுடுச்சு. கூடாரம் ஒரு இழுப்பு இழுத்துட்டு நின்னுச்சு. உள்ள இருட்டு, வெளிய வெயிலு, கூடாரத்துச் சன்னல் வலைக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணுமே தெரியலை, அவ அசையற மாதிரியும் இல்லை. தும்பிக்கை வலைமேல. அவ தலை இருக்கற பக்கம். மூச்சு விடற சத்தம் எனக்கு இங்க கேக்குது, அதோட மூச்சா என்னோட மூச்சான்னு தெரியலை, முன்னங்கால் தூக்கி வெச்சு தூக்கி வெச்சு எடம் பார்க்குது, அவ முகத்துக்குப் பக்கத்துல அந்தக் காலு, ஒரு உரல் அளவு காலு.

"ரூவி."

என் குரல்தானா? "ரூவி, எந்திரிக்காதே. பைக்குள்ள எலுமிச்சம்பழம் இருக்கு. பையை வெளிய தள்ளிடு. மெதுவா." கத்தலை. பக்கத்துல உக்காந்திருக்கறவகிட்ட பேசற மாதிரிதான் பேசினேன். யானை காதை விரிச்சு என் பக்கம் திரும்புச்சு. அதோட கண்ணு இவ்வளவு சின்னதா? நான் கதவைத் தள்ளிட்டு ஒரு காலைக் கீழ வெச்சேன், ஏன் வெச்சேன்னு தெரியலை. நான் இங்க இருக்கேன் சாமி, இங்க பாரு, என்னைப் பாரு, பொய் சொன்னவ நான், தூங்கறவளை விட்டுடுன்னு தமிழ்ல பேசறேன், என்னென்னமோ பேசறேன், கொஞ்சறேன், அதட்டறேன், அழறேன். கூடாரத்து ஜிப்பு மெதுவா, ரொம்ப மெதுவா, கீழயிருந்து தொறக்குது. அவ கை. அவ கை மட்டும் தெரியுது, பை அரையடி அரையடியா வெளிய வருது. அது திரும்புச்சு. பையைப் பிடிச்சுத் தூக்கிச் சுழட்டித் தரையில அடிச்சுச்சு, மிதிச்சுச்சு, என் சட்டை, சீப்பு, பாஸ்போர்ட்டு, துணிமணி எல்லாம் மண்ணுல. மஞ்சத்துணியோட எடுத்து வாயில போட்டுக்கிச்சு. மென்னுச்சு. அப்பறம் இன்னொரு தடவை எல்லாத்தையும் மோந்து பார்த்துச்சு, வேற இல்லைன்னு தெரிஞ்சதும் எங்க ரெண்டு பேரையும் அப்படியே விட்டுட்டு ஆத்துப் பக்கம் எறங்கிப் போச்சு. தோட்டத்துக்காரன் வேலை முடிஞ்சு போற மாதிரி போச்சு.

ரூவிம்போ வெளிய வந்தா. முட்டி போட்டபடியே வந்து தரையில உக்காந்தா. முகம் பூரா வேர்வை. நான் பக்கத்துல போயி நின்னேன். தொடலாமான்னு தெரியலை, தொடலை. சட்டையைப் பொறுக்கலாம்னு குனிஞ்சேன், அதையும் பண்ணலை.

"கேட்டுல இருந்தே இருந்துச்சா?"

"ஆமா."

மண்ணுல கெடந்த என் பாஸ்போர்ட்டை எடுத்து ஊதித் தட்டி என்கிட்ட நீட்டினா. அதைப் பண்ணாம இருந்திருக்கலாம் அவ. வாங்கிக்கிட்டேன். "நாளைக்கு நானே அவருகிட்டப் போயிச் சொல்லிடறேன் ரூவி," ன்னேன். "உன் பேரு கெட வேண்டாம். அந்த யானையை ஒண்ணும் பண்ணிடாதீங்கன்னு கையைக் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்." அவ ஆத்துப் பக்கமே பார்த்துட்டு இருந்தா. "நீ யானையை எப்ப பார்த்தே?" ன்னு கேட்டா.

இப்பத்தான்னு சொல்லலாம். வாய் நுனியில நிக்குது, சூடா, தயாரா. அப்பத்தான் போனை வெச்சுட்டு நிமிந்தேன், பார்த்தா கூடாரத்துக்கிட்ட நிக்குதுன்னு சொல்லலாம். அவ நம்புவா. அதுதான் கொடுமை, அவ நம்பிடுவா.

"ஆத்தங்கரையில நின்னப்பவே பார்த்துட்டேன்," ன்னேன்.

தலையை ஆட்டினா. கோபம் இல்லை அவ குரல்ல, இருந்திருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். "நானும் அப்பவே முழிச்சுட்டேன்," ன்னா. "காய்ச்சல்ல எந்திரிக்க முடியலை. வலை வழியா உன் முகத்தைத்தான் பார்த்துட்டுப் படுத்திருந்தேன். நீ பேசாம உக்காந்திருந்தே செல்வா. அதனால ஆபத்து ஒண்ணும் இல்லைன்னு நெனச்சுக்கிட்டேன்."